‘டிஃபரென்ஷியல் ரிஃப்ளெக்டிவிட்டி’க்குக் ‘கிடைமிகை’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வானிலை ரேடார் தரும் ‘டிஃபரென்ஷியல் ரிஃப்ளெக்டிவிட்டி’ என்ற அளவுக்குத் தமிழ்ச் சொல்லாக நண்பர் முன்வைத்த ‘வகையீட்டு எதிரொளிப்பு’ என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வகையீடு நம் பாடநூல்களில் நுண்கணிதத்துக்கு உரிய சொல். இங்கே நடப்பதோ ஒப்பீடு. கிடையாக அதிரும் அலையையும் செங்குத்தாக அதிரும் அலையையும் ரேடார் அனுப்பி, திரும்பி வருவனவற்றில் முன்னது பின்னதைவிட எவ்வளவு மிகுந்திருக்கிறது என்று டெசிபெலில் சொல்கிறது. ஆகவே ‘கிடைமிகை’ என்று முன்மொழிகிறேன்.

1976இல் செலிகா, பிரிங்கி என்ற ஆய்வாளர்கள் இந்த அளவை முன்வைத்தபோது அவர்கள் பற்றிக்கொண்டது மழைத்துளியின் வடிவத்தைத்தான். துளியின் விட்டம் இரட்டித்தால் திரும்பும் அலையின் வலிமை 64 மடங்காகும் என்பதால், வலிமையை மட்டும் வைத்துக்கொண்டு பெருந்துளி மழையையும் ஆலங்கட்டியையும் பிரித்தறிவது கடினம். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளி ஏறத்தாழ உருண்டையாக இருக்க, நான்கைந்து மில்லிமீட்டர் துளியோ, கீழிருந்து காற்று அழுத்துவதால், குழிப்பணியாரத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல அடி தட்டையாகி அகன்றுவிடுகிறது. அத்தகைய மழையில் கிடைமிகை 2, 3 டெசிபெல் வரும். ஆலங்கட்டி உருண்டு புரண்டு விழுவதால், அதன் கிடைமிகை சுழியை (பூச்சியத்தை) ஒட்டி நிற்கும். சிறு வயதில், கோடைமழையின்போது எங்கள் வளவு முற்றத்தில் விழுந்த கட்டியொன்றை அப்பத்தா என் உள்ளங்கையில் வைத்தார்கள்; நெல்லிக்காய் அளவு, நடுவில் பால்வெள்ளை, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே உருவம். கிடைமிகை ஏன் சுழியாகிறது என்பதற்கு இன்றும் எனக்கு அந்தக் கட்டிதான் விளக்கம்.

‘ஆலங்கட்டிச் சுட்டெண்’ என்ற மற்றொரு பரிந்துரை எளிமையானது, ஆயினும் தவறான வழிக்கு இழுத்துச் செல்லும். வெப்பமண்டலத்தில் உறைநிலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், சிறு கட்டிகள் வரும் வழியிலேயே உருகி, நீர் போர்த்திக்கொண்டு, புரளாமல் பெருந்துளிபோல் விழுகின்றன. அப்போது உள்ளே பனிக்கட்டி இருந்தும் கிடைமிகை உயர்ந்துவிடும். கலைச்சொல் அளந்ததைச் சொல்லட்டும். முடிவை ஆய்வாளர் சொல்லட்டும்.

ஆலங்கட்டிக்கு ‘ஆலி’ போதும் என்போருக்கு ஒரு சொல். அழகான பழஞ்சொல்தான், ஆனால் அகராதியில் அது மழைத்துளியையும் குறிக்கிறது. நாம் பிரிக்க முயலும் இரண்டையும் அது ஒன்றாக்கிவிடும். ரேடார் ரேடாராகவே இருக்கட்டும். காரைக்கால் ரேடார் படத்தைப் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் எவரும் அதைக் ‘கதிரலைக் கும்பா’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. கூம்பு வடிவச் சிறுகட்டிகள் நிமிர்ந்து விழும்போது இந்த அளவு சுழிக்குக் கீழேயும் இறங்கும். அப்போது ‘எதிர்க் கிடைமிகை’ என்று எழுத நேரும். மிகை எதிராவது மாணவருக்கு இடறுமா என்பதை, வகுப்பில் இயற்பியல் கற்பிப்பவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து