கரோலினா மரீன்: மூன்று முறை முழங்கால் போனதற்கு ஆட்டப்பாணிதான் காரணமா?

மட்டைமுனை (கேள்வி):
ஸ்பெயினின் பேட்மிண்டன் வீராங்கனை கரோலினா மரீன்: ரியோ 2016 ஒலிம்பிக் தங்கம், 2014, 2015, 2018 உலகப் பட்டங்கள். இப்படி ஒரு ஆட்டக்காரருக்கு ஒரே முழங்கால் மூன்று முறை போனது எப்படி? அவர் ஆடும் விதத்திலேயே கோளாறு இருந்ததா? இடது கை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பின்கோடு:
முதலில் ஒரு திருத்தம். ஒரே முழங்கால் இல்லை. 2019 ஜனவரியில் வலது முழங்கால்: இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதியில் சாய்னாவுக்கு எதிராக 10-4 என முன்னிலையில் இருந்தபோது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் இடது முழங்கால்: ஏ.சி.எல். (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநார்), கூடவே இரண்டு மெனிஸ்கஸும் (முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புத் திண்டுகள்) கிழிந்தன. 2024 பாரிஸ் அரையிறுதியில் மறுபடி வலது. சீனாவின் ஹே பிங்ஜியாவோவுக்கு எதிராக முதல் கேமை 21-14 என வென்று, இரண்டாவதில் 10-8 என முன்னிலையில் இருந்தபடியே விலக வேண்டியதாயிற்று.

இப்போது காரணம். பேட்மிண்டனில் ஏ.சி.எல். அதிகம் கிழிவது, பேக்ஹேண்ட் பக்கப் (மட்டை பிடிக்காத கையின் பக்கம்) பின்மூலையில் தலைக்கு மேல் அடித்துவிட்டு, மட்டை பிடிக்காத பக்கக் காலில் மட்டும் இறங்கும்போது. வலது கைக்காரருக்கு அது இடது கால். மரீன் இடது கை என்பதால் வலது கால். ஷட்டில் வலது பின்மூலைக்குப் போகிறது, உடம்பு வலப்பக்கம் சாய்கிறது, கால்கள் காற்றில் கத்தரி போல மாறி வலது கால் முதலில் தரையைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் முட்டி அதிகம் மடங்காமல் இருந்து, உள்பக்கமாகவும் சரிந்தால், முழுப் பாரமும் தசைநார்மேல்தான். தொடையின் முன்தசை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும். பின்தசை தாமதமாக வேலை செய்தால் தடுக்க ஆள் இல்லை.

நெட்டோரம்:
பின்கோடு சொல்வது சரி, ஆனால் முழுப் பழியையும் பாணிமேல் போடாதீர்கள். அந்தப் பாணிதான் அவரை ஜெயிக்க வைத்தது. ரியோ இறுதியில் சிந்துவிடம் முதல் கேமை 19-21 என இழந்த பிறகு 21-12, 21-15 என முடித்தாரே, அதில் பாதி வேகம் ஷட்டிலை உயரத்திலேயே எடுத்ததால் வந்தது. பேக்ஹேண்டில் எடுத்துத் தப்பிக்காமல் தலையைச் சுற்றி அடிப்பார், அடித்த கையோடு நடுக்கோர்ட்டுக்குப் பாய்வார். இறங்கும் கால் நிலைகொள்வதற்குள் முன்னால் தள்ளவும் வேண்டும். ஆபத்து அங்கேதான்.

இன்னொன்று, அறுவை செய்த முழங்கால் மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். எதிர்க்காலும் கூடவே ஆபத்தில் இருக்கும். 2019 செப்டம்பரில், எட்டு மாதம்கூட ஆகாமல், சீனா ஓப்பனையே வென்றுவிட்டார். அசாத்தியம்தான், ஆனால் அந்தக் காலக்கெடுவை மற்றவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவாக ஒன்பது மாதத்துக்கு முன் போட்டிக்கு விடுவது சூதாட்டம். இரண்டு கால்களின் ஒற்றைக்கால் தாண்டும் தூரமும் தொடை வலுவும் குறைந்தது 90 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும். ‘வலி இல்லை’ என்பது அளவுகோல் ஆகாது.

மட்டைமுனை:
திருத்தத்துக்கு நன்றி அண்ணா. அப்படியானால் பயிற்சியில் எங்கே தொடங்குவது?

பின்கோடு:
ஷட்டில் இல்லாமல் தொடங்குங்கள். 20, 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து ஒற்றைக்காலில் இறங்கி இரண்டு விநாடி அசையாமல் நிற்கட்டும். காலுக்கு 6 முறை, 3 சுற்று. முன்னாலிருந்து போனில் படம் எடுங்கள்: முட்டி பெருவிரலையும் தாண்டி உள்ளே போனால் உயரத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். சரியானதும் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு இறங்கட்டும், அப்புறம் ஷட்டில் இல்லாமல் அசைவை மட்டும் செய்யும் நிழல் ஆட்டமாகப் பின்மூலைக்கு. மல்டி-ஷட்டில் (அடுத்தடுத்து ஷட்டில் போட்டு அடிக்கவைப்பது) கடைசியில்தான். பலர் நேரே அதில் குதித்துவிடுகிறார்கள். களைத்த காலில் இறங்கும் விதம் முதலில் கெடும். இருபதாவது ஷட்டிலில் நடப்பதைப் பாருங்கள், முதலாவதில் அல்ல.

நெட்டோரம்:
கூடவே தொடைப் பின்தசைக்கு நார்டிக் பயிற்சி, வாரம் இரண்டு நாள். மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, முன்னால் மெதுவாகச் சாய்வது. தொடக்கத்தில் 2 சுற்று, 4 முறை போதும். ஆர்வத்தில் கூட்டினால் மறுநாள் நடக்க முடியாது. இடுப்பின் பக்கத் தசையையும் விடாதீர்கள், முட்டி உள்ளே சரிவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இடது முழங்கால் போன கணக்கையும் பாருங்கள். 2021இல் தாய்லாந்தில் அடுத்தடுத்து இரண்டு பட்டம், பிறகு சுவிஸ் ஓப்பன், ஐரோப்பியப் பட்டம் என்று உச்சத்தில் இருந்தார். டோக்கியோ போயிற்று. 2022 ஏப்ரலில் மட்ரிட் ஐரோப்பியப் போட்டியில் திரும்பி, அதையே வென்றார். 2024இல் ஆல் இங்கிலாந்து பட்டமும் கிடைத்தது. அதுவும் இறுதியில் ஜப்பானின் யமாகுச்சி இடுப்புக் காயத்தால் விலகியதால். முட்டியும் இடுப்பும் யாரையும் விட்டுவைப்பதில்லை.

பின்கோடு:
பாரிஸ் மேடையில் ஹே பிங்ஜியாவோ வெள்ளிப் பதக்கத்தோடு, மரீனுக்காக ஸ்பெயின் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.