உதவிபெறும் கல்லூரியில் இருந்துகொண்டு ஆய்வு நிதி பெறுவது எப்படி? எங்கே தொடங்குவது?

பொருநைச்செல்வி கேட்டது:

சீனியர்களுக்கு வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியர். நியமன ஒப்புதல் வந்து ஒரு வருடம் ஆகிறது. வயது 36. பிஎச்.டி. ஒளிவினையூக்கிகளில் (ஒளி பட்டால் வினையை விரைவுபடுத்தும் பொருள்களில்), குறிப்பாகத் துத்தநாக ஆக்சைடு வைத்துச் சாயக்கழிவை நீக்குவதில். வாரம் 16 மணி நேர வகுப்பு. துறையில் மஃபிள் ஃபர்னஸ், கலரிமீட்டர், சென்ட்ரிஃபியூஜ் இருக்கின்றன, எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்க் கருவி), எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) எல்லாம் வெளியே கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கல்லூரிக்கு யு.ஜி.சி.யின் 2(எஃப்), 12(பி) அங்கீகாரம் (மத்திய நிதி பெறும் தகுதி) இரண்டும் உண்டு. ஆனால் யு.ஜி.சி. மைனர் ப்ராஜெக்ட் (சிறு ஆய்வுத் திட்டம்) காலத்துக்குப் பிறகு யாரும் மத்திய நிதி எதுவும் வாங்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "முதலில் சாங்ஷன் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். எந்தத் திட்டத்துக்கு முதலில் போடுவது? பட்ஜெட்டில் எக்ஸ்.ஆர்.டி. கேட்கலாமா? கல்லூரித் தரப்பில் முன்கூட்டியே என்ன தயார் செய்ய வேண்டும்?

சோதனைக்குழாய் பதில்:

மேடம், முன்பு மத்திய ஆய்வு நிதி தந்துவந்த எஸ்.இ.ஆர்.பி. (அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம்) என்ற அமைப்பே இப்போது இல்லை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஏ.என்.ஆர்.எஃப்.புக்குள் (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) 2024-ல் சேர்ந்துவிட்டது. எஸ்.ஆர்.ஜி., சி.ஆர்.ஜி. என்ற அதன் பழைய மானியங்களுக்கு யூடியூபில் கிடைக்கும் வழிகாட்டிகளைப் பார்த்து ப்ரொபோசல் எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். படிவமும் மாறிவிட்டது, வரம்பும் மாறிவிட்டது.

பணி தொடங்கும் நிலையில் இருப்பவர்களுக்கென்று ஏ.என்.ஆர்.எஃப். வைத்திருப்பது பி.எம். இ.சி.ஆர்.ஜி. என்ற மானியம். 42 வயது வரை, 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை, ஓவர்ஹெட் (நிறுவனத்துக்கான நிர்வாகச் செலவு) தனி. தகுதிப்படி நீங்கள் போடலாம். ஆனால் ஐ.ஐ.டி.யிலும் ஐசரிலும் (IISER) புதிதாகச் சேர்ந்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். துறையில் கருவியும் இல்லை, கூடச் சேர்ந்து வேலை செய்யும் ஆளும் இல்லை என்றால் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது "இவரால் அங்கே இருந்து இதைச் செய்ய முடியுமா" என்பதைத்தான். அதற்கான பதிலைத் தயார் செய்துகொண்டு போடுவது நல்லது.

உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது டேர் (TARE) திட்டம். மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி, தனியார் நிறுவன ஆசிரியர்கள் தங்கள் வேலையில் இருந்துகொண்டே பெரிய ஆய்வகம் ஒன்றில் பகுதி நேரமாக ஆய்வு செய்வதற்கென்றே எஸ்.இ.ஆர்.பி. தொடங்கிய திட்டம் அது. அப்போதைய விதிப்படி ஆண்டுக்கு 5 லட்சம் ஆய்வுத் தொகை. பாதி அந்த ஆய்வகத்துக்கு, பாதி உங்கள் கல்லூரிக்கு. உங்களுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் தனியாக. 3 ஆண்டுகள், ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் அங்கே வேலை செய்ய வேண்டும். புது அழைப்பு வரும்போது இந்தத் தொகைகளை ஒருமுறை சரிபாருங்கள். காரைக்குடி செக்ரி (மின்வேதியியல் ஆய்வகம்), திருச்சி என்.ஐ.டி., சென்னையில் சி.எல்.ஆர்.ஐ. (தோல் ஆய்வகம்), ஐ.ஐ.டி. என்று உங்களுக்கு எட்டும் இடங்கள் நிறைய. தொகை சிறியதுதான். ஆனால் நல்ல எக்ஸ்.ஆர்.டி., எக்ஸ்.பி.எஸ். (மேற்பரப்பை ஆராயும் கருவி) பக்கத்தில் மூன்று வருடம் உட்கார முடிகிறதே, அதன் மதிப்பு தொகையைவிடப் பெரிது. அடுத்த பெரிய விண்ணப்பத்தில் "இவரால் முடியுமா" என்ற கேள்வியும் எழாது.

90 நாளைக் கோடை விடுமுறை, செமஸ்டர் இடைவெளி, சனிக்கிழமைகள் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்துத் தடையின்மைச் சான்றிதழ் வாங்குங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டு, ஜூலையில் தேர்வுப் பணி என்று கூப்பிட்டால் உங்களால் மறுக்க முடியாது.

அடுத்தது யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டாய்வு மையம். இந்தூர், மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று மையங்கள் தவிர, கல்பாக்கத்தில் ஒரு பிரிவும் உண்டு. அணுசக்தித் துறையின் கருவிகளைப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் பயன்படுத்துவதற்காகவே உண்டான அமைப்பு. பெரிய கருவி வாங்கப் பணம் எதிர்பார்க்காதீர்கள். ஓர் ஆய்வு உதவியாளர், நுகர்பொருள், போக்குவரத்து இவற்றுக்கு உதவும். அங்கே உள்ள ஒரு விஞ்ஞானியைக் கூட்டாளியாகப் பேசி வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால்தான் எடுபடும். முன்பின் பேசாமல் பெயரை மட்டும் போட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மாநில அளவில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டத்தை இந்த ஆண்டே போடுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் வரும். வெளி நிதி ஒன்றை வாங்கி, செலவழித்து, கணக்குக் கொடுத்து முடித்த பழக்கம் உங்கள் அலுவலகத்துக்கு அதில் வந்துவிடும். முதலமைச்சர் ஆராய்ச்சி மானியத்துக்கு அறிவிப்பு வந்தால் தகுதிப் பகுதியில் உதவிபெறும் கல்லூரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்.ஆர்.டி. கேட்காதீர்கள். ஐ-ஸ்டெம் போர்ட்டலில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, கட்டணம் என்ன என்று பார்த்துப் பதிவு செய்யலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற கருவி மையத்திலும் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். 3 ஆண்டுக்கு எத்தனை மாதிரி, ஒரு மாதிரிக்கு என்ன கட்டணம் என்று பெருக்கிப் பகுப்பாய்வுச் செலவாகக் கேளுங்கள். கருவியாகக் கேட்பதென்றால் தினமும் கைக்கு வேண்டியதை மட்டும்: ஒளி உலை, விளக்கு, யு.வி.-விசிபிள் நிறமாலைமானி.

வரவுசெலவு பதில்:

சாங்ஷன் வரட்டும் என்று அலுவலகம் சொல்வதுதான் பெரிய ஆபத்து. சாங்ஷன் வந்து மாதக்கணக்கில் பணம் இறங்காமல் கிடக்கும் ப்ராஜெக்ட்டுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கல்லூரிகளில்தான்.

உதவிபெறும் கல்லூரியை நடத்துவது ஓர் அறக்கட்டளையோ சங்கமோதான். மத்திய நிதிக்கு அந்த அமைப்பின் பெயரில் நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்ப்பண் பதிவு எண் கேட்பார்கள். அதற்கு அறக்கட்டளையின் பான், பதிவுப் பத்திரம், நிர்வாகிகளின் விவரம் வேண்டும். நிர்வாகிகளில் ஒருவர் வெளியூரில் இருந்தாலே இது வாரக்கணக்கில் இழுக்கும், அதனால் இப்போதே தொடங்குங்கள். இதில் வழக்கமாக மாட்டுவது பெயர்தான். பான் அட்டையில் அறக்கட்டளையின் பெயர், வங்கிக் கணக்கில் கல்லூரியின் பெயர், மத்திய அரசின் பணப்பட்டுவாடாத் தளமான பி.எஃப்.எம்.எஸ்.ஸில் மூன்றாவதாக ஒரு சுருக்கப் பெயர். மூன்றையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒரு புள்ளி, ஒரு "தி" வித்தியாசம் இருந்தாலும் இப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள்.

பணம் முன்போல் மொத்தமாகக் கல்லூரிக் கணக்குக்கு வந்து உட்காராது. பல திட்டங்களில் இருப்பு இல்லாத கணக்கு ஒன்று திறந்து, அதில் செலவு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள். பில் வந்தபின் பி.எஃப்.எம்.எஸ்.ஸில் ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தர, பணம் நேரே விற்பனையாளருக்குப் போகும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு காலாவதி ஆகிவிடும். மறுவருடம் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். இதனால் பிப்ரவரி முடிவதற்குள் அந்த ஆண்டுக் கொள்முதல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் பில்லை ஏற்றினால், புது விற்பனையாளரின் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு முடியவில்லை என்று நிற்கும். ஒப்புதல் தருபவரின் டிஜிட்டல் கையொப்பம் காலாவதி ஆகியிருக்கும். அன்று பார்த்து சர்வரும் திணறும். விற்பனையாளர் பதிவை விலைப்புள்ளி வாங்கும்போதே முடித்துவையுங்கள்.

பட்ஜெட்டுக்கு வருவோம். ஆய்வு உதவியாளருக்கு மாதம் முதல் இரண்டு ஆண்டு ஜே.ஆர்.எஃப். (இளநிலை) 37,000, மூன்றாம் ஆண்டு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) 42,000, 2023 ஜனவரி முதல் இதுதான். இதோடு வீட்டு வாடகைப் படி. சென்னைக்கு 30%, மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருப்பூருக்கு 20%, திருநெல்வேலிக்கு 10%. உங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 40,700, அதாவது 9,76,800. மூன்றாம் ஆண்டு மாதம் 46,200, அதாவது 5,54,400. மொத்தம் 15,31,200. வாடகைப் படியை மறந்துவிட்டு 13,92,000 என்று போடுபவர்கள் ஏராளம். அந்த 1,39,200-ஐப் பிறகு வேறு தலைப்பிலிருந்து எடுக்க அனுமதி கேட்டு அலைய வேண்டிவரும்.

கருவி விலையில் ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துக் கேளுங்கள். ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5% சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது. பெரும்பாலான கருவிகளுக்கு இப்போது 18%. பழைய சலுகையை நம்பி 10 லட்சம் ரூபாய்க் கருவிக்கு 10.5 லட்சம் கேட்டால், வாங்கும்போது 1.3 லட்சம் துண்டு விழும். விலைப்புள்ளியில் நிறுவல் செலவும் மூன்று ஆண்டு உத்தரவாதமும் அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொள்முதலுக்கு முதலில் அரசின் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டல். அங்கே இல்லை என்றால் "கிடைக்கவில்லை" என்ற அறிக்கையை அதிலேயே எடுத்துக் கோப்பில் வையுங்கள், தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். 2025 ஜூனில் மத்திய அறிவியல் துறை நிறுவனங்களுக்கு விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். அது உங்கள் கல்லூரிக்கும் பொருந்தும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். சாங்ஷன் ஆணையின் நிபந்தனைகளில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

ஆண்டு முடிந்ததும் செலவு அறிக்கை, ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் யூசி (பயன்பாட்டுச் சான்றிதழ்), இரண்டும் போக வேண்டும். பட்டயக் கணக்காளரின் கையெழுத்துக்கு மே மாதமே கொடுத்துவிடுங்கள். ஜூலைக்கு மேல் வருமான வரி வேலையில் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். கணக்கில் வட்டி சேர்ந்திருந்தால் அது உங்கள் பணம் அல்ல, அரசுக்குப் பணம் கட்டும் தளமான பாரத்கோஷ் வழியாகத் திருப்பிக் கட்டி ரசீதை இணைக்க வேண்டும். யூசி போகாமல் அடுத்த தவணை வராது. இடையில் உதவியாளருக்குச் சம்பளம் நின்றால் அந்தப் பிள்ளை வேறு வேலை தேடிப் போய்விடும், ப்ராஜெக்ட்டும் அதோடு படுத்துவிடும்.

நீலச்சாயம் பதில்:

மற்றவர்கள் வழியைச் சொல்லிவிட்டார்கள். நான் ப்ரொபோசலின் உள்ளே இருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் தலைப்பில் மதிப்பீட்டாளர் கைக்கு வரும் குறிக்கோள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரித்து, பண்பறிந்து, மெத்திலின் நீலத்தைச் சிதைக்கும் திறனை ஆராய்தல்." இதில் கேள்வியே இல்லை. இதே வேலையில் கட்டுரைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. இரண்டு வரி படித்ததும் தாளை மூடிவிடுவார்கள்.

சாயப்பட்டறைக் கழிவில் உப்பு மிக அதிகம். காய்ச்சி வடித்த நீரில் நன்றாக வேலை செய்யும் வினையூக்கி அங்கே படுத்துவிடுகிறது. காரணம் குளோரைடு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைப்பதா, ஒளியில் உண்டாகிச் சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை அது விழுங்கிவிடுவதா? இதைப் பிரித்துக் காட்டும் சோதனையைக் குறிக்கோளாக வையுங்கள். உப்பின் அளவைப் படிப்படியாக ஏற்றுவது, ஒரு தொடரில் குளோரைடு, இன்னொன்றில் சல்பேட். ஒவ்வொன்றிலும் சாயம் எவ்வளவு ஒட்டுகிறது என்று இருட்டில் ஓர் அளவீடு, ரேடிக்கல் எவ்வளவு உண்டாகிறது என்று ஒளியில் ஓர் அளவீடு. இது உங்கள் கல்லூரியிலேயே நடக்கக்கூடிய வேலை என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

மெத்திலின் நீலத்தை மட்டும் நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சாயமே ஒளியை உறிஞ்சித் தானாக நிறமிழக்கும். வினையூக்கி செய்தது எவ்வளவு, சாயம் தானாகச் செய்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஃபீனால் போன்ற நிறமற்ற சேர்மம் ஒன்றை இணையாக வையுங்கள். நிறம் போனால் மூலக்கூறு சிதைந்துவிட்டது என்று பொருள் இல்லை. மொத்தக் கரிமக் கார்பன் அளவீட்டுக்கு வெளிக்கட்டணம் பட்ஜெட்டில் வேண்டும். துத்தநாக ஆக்சைடு ஒளியிலேயே அரிக்கும். கரைந்த துத்தநாகத்தை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அளப்பீர்கள் என்று எழுதாவிட்டால், விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அதை வைத்தே நிராகரிப்பார்.

குறிக்கோள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்று தோற்றாலும் மற்றவை நிற்கும்படி அமையுங்கள். முதல் குறிக்கோளில் வினையூக்கி உருவானால்தான் இரண்டாவது நடக்கும், அது நடந்தால்தான் மூன்றாவது என்று சங்கிலியாகக் கட்டினால், நேர்முக விளக்கத்தில் "முதலாவது நடக்காவிட்டால்?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் சரிந்துவிடும்.

பொருநைச்செல்வி:

மூவருக்கும் மிக்க நன்றி. நாளைக்கே தர்ப்பண் பற்றிச் செயலரிடம் பேசுகிறேன். இரண்டு சந்தேகங்கள். ஒரே ப்ரொபோசலை ஏ.என்.ஆர்.எஃப்.புக்கும் வேறு இடத்துக்கும் ஒரே நேரத்தில் போடலாமா? டேருக்கு முன்பின் பழக்கமில்லாத விஞ்ஞானிக்கு எப்படி எழுதுவது?

சோதனைக்குழாய்:

ஒரே ப்ரொபோசலை இரண்டு இடத்துக்குப் போடாதீர்கள். வேறெங்கும் இது பரிசீலனையில் இல்லை என்று உறுதிமொழியில் கையெழுத்திடுகிறீர்கள். இரண்டு இடத்திலும் அதே மதிப்பீட்டாளரிடம் போய்ச் சேர்வதும் நடக்கும். உப்பு பற்றிய கேள்வி ஒன்றுக்கு, துத்தநாகம் அரிப்பது பற்றிய கேள்வி இன்னொன்றுக்கு என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மற்றதைப் பற்றி வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

விஞ்ஞானிக்கு நீளமான கடிதம் வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டைப் படித்துவிட்டு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: உங்கள் கேள்வி என்ன, அவருடைய ஆய்வகத்தில் எந்தக் கருவி எத்தனை நாள் வேண்டும், உங்கள் கல்லூரியில் எந்தப் பகுதி நடக்கும், கட்டுரையில் பெயர்கள் எப்படி வரும். கடிதத்தோடு ஏற்கெனவே எடுத்த தரவு ஒரே ஒரு படம். "தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஏதேனும் ஒரு தலைப்பில்" என்று எழுதினால் பதில் வராது. அழைப்பு வெளியாவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். விண்ணப்பத்தில் அந்த நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். கடைசி வாரத்தில் அது கிடைக்காமல் போவதால்தான் பல விண்ணப்பங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன.