கொரியாவுல பொறந்து வெளிநாட்டு வீட்டுல வளர்ந்தவங்க: பழகினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குளிர்நாட்டுக்காரன்:
மினசோட்டாவுல இருக்கறவங்களுக்கு இது புதுசா இருக்காது. பேரைப் பாத்தா ஸ்வீடன் வம்சம், முகத்தைப் பாத்தா கொரியா, வாயைத் திறந்தா அச்சு அசல் இந்த ஊர் இழுவை. கொரியப் போருக்கு அப்புறம் ஆரம்பிச்ச தத்துல அமெரிக்கா வந்த பிள்ளைங்க நெறைய பேர் வளர்ந்த மாநிலங்கள்ல இதும் ஒண்ணு. எங்க டீம்ல ஒரு அம்மா இருக்காங்க, 80கள்ல கைக்குழந்தையா வந்தவங்க, பேரு வேணாம்.

சுத்தி சோளக்காடு இருக்கற சின்ன ஊர். ஸ்கூல் மொத்தத்துக்கும் வெள்ளையில்லாத முகம்னா இவங்களும் இவங்க தம்பியும்தான் (தம்பியும் கொரியாதான், ஆனா வேற வயித்துப் பிள்ளை). கண்ணாடிய பாக்கறப்ப மட்டும்தான் ஞாபகமே வருமாம், அட நாம இப்படித்தான இருக்கோம்னு. பஸ்ல பசங்க கண்ணை இழுத்துக் காட்டி கிண்டல் பண்ணுவாங்க, வீட்ல வந்து அழுதா அம்மா கட்டிப்புடிச்சு எங்களுக்கு உன் நிறமே தெரியலடா செல்லம்னு சொல்லுவாங்க. பாசத்துல ஒரு குறையும் இல்லைங்க, அதை அவங்களே அடிச்சு சொல்றாங்க. ஆனா நாளைக்கும் அதே பஸ்லதான ஏறணும். 2009ல இங்க ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல கேட்ட கொரியத் தத்துப் பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேருக்கு மேல, சின்ன வயசுல நாங்க வெள்ளைக்காரங்கன்னே நெனச்சோம், இல்லன்னா அப்படி ஆயிடணும்னு ஏங்கினோம்னு சொல்லிருக்காங்க.

கோடை லீவுல கொரிய கல்ச்சர் கேம்ப் அனுப்புவாங்க. டேக்வாண்டோ, விசிறி டான்ஸ், கிம்ச்சி. இவங்களுக்குப் புடிச்சது அதெல்லாம் இல்ல, அந்த ஒரு வாரம் யாரும் இவங்கள உத்துப் பாக்கல, அதுதான்.

பெத்தவங்களைத் தேடணும்னு தோணினது பொண்ணு பொறந்த அப்புறம். தன் ஜாடையில ஒரு ஆளை வாழ்க்கையிலயே அப்பதான் பாத்தாங்களாம். சியோலுக்குப் போயி ஃபைலைக் கேட்டு வாங்கினா, மேல குழந்தை ஃபோட்டோ, நெஞ்சுகிட்ட நம்பர் அட்டை, கீழ அனாதை, பெற்றோர் தெரியவில்லைன்னு டைப் பண்ணிருக்கு. அதே ஃபைல்ல வேற ஒரு தாள்ல பெத்த அம்மாவோட வயசு, கல்யாணம் ஆகல, மில்லு வேலைன்னு கையெழுத்துல இருக்கு! அமெரிக்க விசா சட்டத்துக்கு அனாதைன்னு காட்டினா வேலை சுளுவா முடியும், அதுக்காக தனியா அனாதைப் பதிவேடு போட்டு அனுப்பறது அப்ப சர்வசாதாரணமா நடந்திருக்கு. நாப்பது வயசு வரைக்கும் எனக்கு யாரும் இல்லைன்னு நெனச்சுகிட்டு வளர்ந்த மனுஷிக்கு அந்த ஒரு தாள் என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க.

ஒஸ்லோவாசி:
நான் இஞ்ச வயசு போன ஆக்களைப் பாக்கிற இடத்தில வேலை செய்யிறன். என்னோட தத்தெடுத்து வளத்த ஒரு கொரியன் முக மனிசி வேலை செய்யிறா, வளந்தது இஞ்ச நொர்வேயிலயே பேர்கன் எண்ட ஊரில. அங்க இருக்கிற கிழவி ஒருத்தி எங்கள் ரெண்டு பேரிட்டையும் நீங்கள் எந்த நாடு எண்டு கேக்கும். எனக்குப் பிரச்சினை இல்லை, யாழ்ப்பாணம் எண்டு சொல்லிப்போட்டு என்ர வேலையைப் பாப்பன். அவ பேர்கன் எண்டா கிழவி விடாது, அது சரி பிள்ளை, உண்மையா எங்க? பிறகு நீ நல்ல வடிவா நொர்வேஜியன் கதைக்கிறாய் எண்டு பாராட்டு வேற. என்னைப் பாராட்டினா சரி, நான் வந்து படிச்சனான். அவவுக்கு வேற பாஷையே தெரியாது!

நாங்கள் அகதியா வந்தாலும் மாமா, சித்தி, கோயில், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் எண்டு ஒரு கூட்டத்தோட வந்தம். அவ தனிய வந்தவ. டொக்டரிட்ட போனா குடும்பத்தில ஆருக்கும் கான்சர், சுகர் இருக்கோ எண்ட கேள்விக்கு ஒவ்வொரு முறையும் தெரியாது எண்டுதான் எழுதுறா. பக்கத்து ஸ்வீடனில 2002ல பெரிய ஆய்வு ஒண்டு வந்தது, வெளிநாட்டில இருந்து தத்தெடுத்த பிள்ளையளில பெரும்பாலான ஆக்கள் நல்லா இருந்தாலும், தற்கொலையும் மனநல வைத்தியமும் அந்த நாட்டில பிறந்த பிள்ளையளை விட நல்லாக் கூட எண்டு. வீட்டில, பள்ளிக்கூடத்தில சத்தமில்லாத நல்ல பிள்ளை எண்டு பேர் எடுத்தவையும் இதுக்குள்ள இருந்திருப்பினம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

சுவோன் ஸ்காலர்:
நான் இங்க கொரியாவுலயே ரிசர்ச் பண்றேன், இதோட மறுபக்கம் சொல்றேன். டென்மார்க்ல வளர்ந்த ஃப்ரெண்டு ஒருத்தன் கூட டாக்ஸில போனேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை கொரியன்ல வழி சொன்னதுக்கே டிரைவருக்கு வாயெல்லாம் பல்லு, இந்தியாக்காரன் எவ்ளோ அழகா பேசறான்னு. அப்புறம் இவன் பக்கம் திரும்பி, நீ ஏம்ப்பா வாயே தொறக்கலன்னு ஒரே திட்டு. நான்தான் தத்துப் போனவன்னு சொன்னேன். டிரைவர் முகம் சுருங்கிப்போச்சு, இறங்கற வரைக்கும் மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு ஒரே புலம்பல். எனக்கு நெகிழ்ச்சியா இருந்துச்சு, இவன் செம காண்டாயிட்டான். இங்க வந்ததுல இருந்து எல்லாரும் சாரி சொல்றாங்க, அப்புறம் அவங்களை நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்குங்கறான்.

பெரிய லெவல் சாரியும் வந்தாச்சு. 1998ல அதிபர் கிம் டே ஜுங் தத்துப் போனவங்களை மாளிகைக்கே கூப்பிட்டு மன்னிப்பு கேட்டார். 2025 மார்ச்ல, பழைய மனித உரிமை மீறல்களை விசாரிக்கற கொரிய அரசு அமைப்பான உண்மை நல்லிணக்க ஆணையம், ஆவணத்தை மாத்தினது, சரியா சம்மதம் வாங்காம அனுப்பினது எல்லாத்துலயும் அரசுக்குப் பொறுப்பு இருக்குன்னு சொல்லிருச்சு, அக்டோபர்ல அதிபர் லீ ஜே மியுங்கும் மன்னிப்பு கேட்டுட்டார். 1985ல மட்டும் 8,800 குழந்தைங்களுக்கு மேல அனுப்பிருக்காங்க, அதாவது ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல! அவ்ளோ வேகத்துல எந்தப் பேப்பர யாரு ஒழுங்கா பாத்திருக்கப் போறா. நம்மாளுக்கு இந்த மன்னிப்பெல்லாம் வேணாம், அவன் ஃபைல்ல காணாமப் போன பக்கம்தான் வேணும்.

பழைய வாசகி:
எல்லாரையும் ஐயோ பாவம்னே பாக்காதீங்கப்பா, அவங்களுக்கே அது புடிக்காது. சியோல்ல பொறந்த ஃப்ளூர் பெல்லரின் 2012ல பிரான்ஸ்ல அமைச்சரானாங்க, கொரியாவே நம்ம பொண்ணுன்னு கொண்டாடிச்சு, அவங்க என்னமோ நான் பிரெஞ்சுக்காரின்னுதான் நின்னாங்க. டோபி டாசன் அமெரிக்காவுக்காக 2006 குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல பனிச்சறுக்குல வெண்கலம் வாங்கினாரு, அடுத்த வருஷம் டிஎன்ஏ டெஸ்ட்ல அப்பாவைக் கண்டுபுடிச்சாரு. ஒருத்தருக்கு தேடணும், ஒருத்தருக்கு வேணாம், ரெண்டுமே நார்மல்தான்.

எனக்குக் கடுப்பு வேற விஷயத்துல. அமெரிக்காவுல தத்துப் பிள்ளைக்கு தானா குடியுரிமை குடுக்கற சட்டம் 2000ல வந்துச்சு, ஆனா அது 2001ல அமலுக்கு வந்தப்ப 18 தாண்டினவங்களைக் கழட்டி விட்டுருச்சு. வளர்த்தவங்க அப்ப ஃபார்ம் போட மறந்திருந்தா ஆளு காலம்பூரா வெளிநாட்டுக்காரன்தான், ஏதாவது கேஸ்ல மாட்டினா மொழியே தெரியாத கொரியாவுக்குப் பார்சல். அப்படி அனுப்பினவங்க நிஜமாவே இருக்காங்க.

சுவோன் ஸ்காலர்:
டிஎன்ஏ பத்தி இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: பெத்தவங்க யாருன்னே தெரியாத கேஸா இருந்தா, 2020ல இருந்து சில நாடுகள்ல கொரியத் தூதரகத்துலயே சாம்பிள் குடுக்கலாம், இவ்ளோ தூரம் வரத் தேவையில்ல. பழைய ஃபைல்கள் 2025 ஜூலைல இருந்து தத்துக் குடுத்த ஏஜென்சிங்க கையை விட்டு அரசு மையத்துக்கு மாறுது, மனு அங்கதான் போடணும். பெத்தவங்க சம்மதிக்கலன்னா பேரு, விலாசம் தர மாட்டாங்க, அதை முன்னாடியே உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லிடுங்க.