லிஸ்ப் மேட்ரிக்ஸை லேபாக்கிடம் கொடுத்தால் விடை தப்பாக வருகிறது

அரைகுறை லிஸ்பர்:
எஸ்பிசிஎல்லில் (லிஸ்ப் மொழிக்கான ஒரு கம்பைலர்) சொந்த உபயோகத்துக்கு ஒரு சின்ன மேட்ரிக்ஸ் லைப்ரரி எழுதுகிறேன். கணக்கெல்லாம் லேபாக்தான் (ஃபோர்ட்ரானில் எழுதிய மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரி), நடுவில் சிஎஃப்எஃப்ஐ (லிஸ்பிலிருந்து பிற மொழி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் பாலம்). இரட்டைப் பரிமாண அரேயின் அடியில் இருக்கும் வெக்டரை எடுத்து அப்படியே சமன்பாடு தீர்க்கும் டிஜிஈஎஸ்வி ரொட்டீனுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது, அப்புறம்தான் உறைத்தது, நான் சோதித்ததெல்லாம் சமச்சீர் மேட்ரிக்ஸ், நிரையையும் நிரலையும் திருப்பிப்போட்டாலும் மாறாது! முதல் நிரை 1, 2, அடுத்தது 3, 4, வலப்பக்கம் 5, 11 என்று கொடுத்தால் விடை 1, 2 வர வேண்டும். 6.5, -0.5 வருகிறது. ஒவ்வொரு தடவையும் திருப்பிப்போட்டு அனுப்பலாம், ஆனால் 4000-க்கு 4000 என்றால் 128 எம்பி நகல், மனசு வரவில்லை.

அடைப்புக்குறி:
லிஸ்ப் நிரை நிரையாக அடுக்கும், ஃபோர்ட்ரான் நிரல் நிரலாகப் படிக்கும். உங்கள் மேட்ரிக்ஸ் அதன் கண்ணுக்கு 1, 3 / 2, 4.

லிஸ்ப் அரேயை விட்டுவிட்டு ஒரு ஸ்ட்ரக்ட் வையுங்கள்: ஒற்றைப் பரிமாண டபுள்-ஃப்ளோட் வெக்டர், நிரை எத்தனை, நிரல் எத்தனை, தொடக்கம் எங்கே, அடுத்த நிரலுக்கு எத்தனை இடம் தாவ வேண்டும். அந்தக் கடைசி எண்தான் லேபாக் கேட்கும் எல்டிஏ. பலர் அங்கே நிரை எண்ணிக்கையையே போட்டு முடித்துவிடுகிறார்கள், நான் கூட முதலில் அப்படித்தான். தனியாக வைத்தால் 1000-க்கு 1000 மேட்ரிக்ஸின் நடுவில் ஒரு 200-க்கு 200 துண்டை நகலே எடுக்காமல் அனுப்பலாம். i, j உறுப்பு எங்கே என்றால் தொடக்கம் + i + j × எல்டிஏ, அவ்வளவுதான்.

சும்மா ஒருவன்:
இதற்காக லிஸ்ப் அரேயையே தூக்கிப்போட வேண்டுமா? பெருக்கலுக்கு டிஜெம்மில் இரண்டு மேட்ரிக்ஸையும் இடம் மாற்றிக் கொடுத்தால் விடை நிரை வரிசையிலேயே வந்து விழும். சமன்பாட்டுக்கு முதலில் மேட்ரிக்ஸைக் காரணிகளாகப் பிரிக்கும் டிஜெட்ஆர்எஃப், பிறகு அதை வைத்துத் தீர்க்கும் டிஜெட்ஆர்எஸ்ஸில் 'டி' (திருப்பிப்போட்டதாக எடுத்துக்கொள் என்று அர்த்தம்) கொடுங்கள்.

அடைப்புக்குறி:
வலப்பக்கம் ஒரே வெக்டர் என்றால் சரி. பத்து வெக்டர் வந்தால் அந்த மேட்ரிக்ஸும் திரும்பித்தானே இருக்கும்? ஒவ்வொரு ரொட்டீனுக்கும் ஒரு விடுகதை போட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

பழைய கை:
ஸ்ட்ரக்ட்தான் என் ஓட்டும். ஆனால் தம்பி, உங்களுக்கு இன்னும் இரண்டு அடி பாக்கி இருக்கிறது. ஒன்று, முகவரியை எடுத்த பிறகு ஜிசி (லிஸ்ப் நினைவகத்தைத் தானாகச் சுத்தம் செய்யும் பகுதி) வெக்டரை நகர்த்திவிடலாம், அழைப்பு முடியும்வரை வித்-பின்ட்-ஆப்ஜெக்ட்ஸ் போட்டுப் பிடித்து வையுங்கள். இரண்டு, எஸ்பிசிஎல் பூஜ்ஜிய வகுத்தலுக்கு ட்ராப் (நடந்த உடனே பிழை எழுப்பி நிறுத்துவது) வைத்திருக்கும், லேபாக்கோ ஐட்ரிப்பிள்ஈ (தசம எண் கணக்குக்கான தர விதி) ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க சில இடங்களில் வேண்டுமென்றே பூஜ்ஜியத்தால் வகுக்கும். ஐகன் மதிப்பு காணும் டிஎஸ்ஒய்ஈவிஆர் ரொட்டீனைக் கூப்பிட்ட அன்று டீபக்கரில் போய் விழுந்தேன், என் மேட்ரிக்ஸில் பூஜ்ஜியமே இல்லை, சாயங்காலம் வரை தேடினேன். ட்ராப்பை மாஸ்க் செய்யும் (அழைப்பு முடியும்வரை அணைத்து வைக்கும்) மேக்ரோ ஒன்றை எல்லா அழைப்புக்கும் பொதுவாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, டிஜிஈஎஸ்வி உங்கள் மேட்ரிக்ஸை அழித்து அதே இடத்தில் எல்யு காரணிகளை (மேட்ரிக்ஸைப் பிரித்த இரண்டு முக்கோண மேட்ரிக்ஸ்கள்) எழுதிவிடும். லிஸ்பின் என்ரிவர்ஸ் மாதிரி, கொடுத்ததை அழிக்கும் ஃபங்ஷனுக்கு முன்னால் 'என்' போட்டு, நகலெடுக்கும் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்.

அரைகுறை லிஸ்பர்:
ஸ்ட்ரக்டுக்கு மாறியாச்சு, 1, 2 வந்துவிட்டது. வெக்டரை நகராமல் பிடித்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, இத்தனை நாள் குருட்டு அதிர்ஷ்டம் போல. அண்ணே, டிஜிஈஎஸ்வி நிரை மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஐபிஐவி அரேக்கு 32 பிட் போதுமா?

பழைய கை:
உங்கள் லேபாக்கை 64 பிட் இன்டீஜருக்குக் கம்பைல் செய்யவில்லை என்றால் போதும். ஐபிஐவியில் நிரை எண்கள் 1-லிருந்து தொடங்கும், லிஸ்ப் பக்கம் எடுக்கும்போது ஒன்றைக் கழியுங்கள்.