பழைய பஸ் ஸ்டாண்ட் இடத்துக்கு வரைபடத்தில் நீல நிறம்: ஆட்சேபம் எப்படி எழுதுவது?

தெற்கு வீதி

எங்கள் ஊர் சின்ன நகராட்சி, நாற்பதாயிரம் பேர் இருப்போம். பைபாஸ் ஓரத்தில் புது பஸ் ஸ்டாண்ட் கட்டி முடியப் போகிறது. கூடவே ஊரில் எந்த இடம் எதற்கு என்று நிறம் போட்டுக் குறிக்கிற மாஸ்டர் பிளானையும் திருத்துகிறார்கள், வரைவு வரைபடத்தை அலுவலகத்து மாடிப்படி ஓரச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று மத்தியானம் போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். பழைய பஸ் ஸ்டாண்டும் அதை ஒட்டிய வாரச்சந்தைத் திடலும் இதுவரை சிவப்பு, அதாவது பொது உபயோகம். வரைவில் இரண்டும் நீலம், வணிகம். அதே வரைபடத்தில் எங்கள் கடைவீதி முழுக்க மஞ்சள், குடியிருப்பு. கீழே கடை மேலே வீடு என்று தாத்தா காலத்தில் இருந்து இருக்கிற தெரு அது. எங்கள் கடை 16 அடி அகலம், 70 அடி நீளம், இரண்டு பக்கமும் பக்கத்துக் கடையோடு ஒட்டிய சுவர். இடித்துக் கட்டலாம் என்று பிளான் போடக் கேட்டால் பக்கத்தில் இடம் விட வேண்டும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் மூன்று அடி விட்டால் மிச்சம் பத்து அடி, அதில் படிக்கட்டு வைப்பதா, கல்லா வைப்பதா?

வியாபாரம் நடக்கிற தெருவுக்குக் குடியிருப்பு, ஊர்ப்பொது இடத்துக்கு வணிகம். இது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. ஆட்சேபம் கொடுக்க வேண்டும், யாருக்கு, எப்படி எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளான் போடுகிறவன்

கடைவீதிக்கு மட்டும் நான் சொல்கிறேன், தினமும் இதே வேலைதான். 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் தொடர் கட்டடப் பகுதி என்று ஒன்று உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தெருக்களுக்காகவே வைத்தது. அந்தப் பகுதி என்று குறித்துவிட்டால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. அதனால் நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: ஒன்று, தெருவை வணிகம் அல்லது கலப்புக் குடியிருப்பாக மாற்றுவது, இன்னொன்று தொடர் கட்டடப் பகுதியில் சேர்ப்பது. வணிகம் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் கட்டப் போகும்போது அதே பத்து அடியில் வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உயரம் அதிகமில்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லா மாடியும் சேர்த்த பரப்பு மனையைப் போல எத்தனை மடங்கு என்கிற கணக்கு, 2 வரை விதியிலேயே இருக்கிறது, ஆனால் உங்கள் மாதிரி ஒல்லியான மனையில் பக்க இடைவெளி போனால் அந்த 2 வெறும் காகிதத்தில்தான் இருக்கும்.

மனுவில் தெருப் பெயரோடு நிறுத்தாதீர்கள். வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றையும் கதவு எண் வாரியாக எழுதி, தெருவை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை நான்கைந்து போட்டோ எடுத்து வையுங்கள், மாடியில் துணி காய்வதும் கீழே ஷட்டர் திறந்திருப்பதும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி. வீதிக்காரர்கள் எல்லாரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுத் தனித்தனி மனுவாகக் கொடுங்கள்.

முன்னாள் வரைவாளர்

முப்பது வருஷம் இந்த வரைபடங்களுக்கு நிறம் அடித்தவன் நான், அதனால் பொது இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் நிறம் வேறு, உரிமை வேறு. நீலம் அடித்ததால் இடம் யாருக்கும் போய்விடாது. ஆனால் நாளைக்கு யாராவது அங்கே வணிக வளாகம் என்று கோப்பு எழுதும்போது தடுக்க இருந்த ஒரு கதவு திறந்தே கிடக்கும், மறுபடி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சிவப்பாகவே இருந்தால் ஒவ்வொரு முறையும் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு படியைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை.

சட்டம் 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். வரைவு மாஸ்டர் பிளானுக்கு 26ஆம் பிரிவில் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்புப் போட வேண்டும், ஆட்சேபத்துக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு வந்த தேதியைக் கண்டுபிடித்து அதில் இருந்து நாளை எண்ணுங்கள், வரைபடம் ஒட்டிய நாளில் இருந்து அல்ல. மனு உள்ளூர் திட்டக் குழுமத்துக்குப் போக வேண்டும், நகல் நகராட்சிக்கு. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று, கவனமாகப் பாருங்கள். அங்கீகரித்த லேஅவுட்களில் பூங்காவுக்கு விட்ட இடங்கள் இருக்கும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். லேஅவுட் முழுக்க மஞ்சள் அடிக்கும்போது இந்தப் பூங்கா இடமும் மஞ்சளிலேயே கரைந்துபோகும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, சின்ன அளவுகோலில் வரைகிறபோது அந்த இடம் ஒரு மிளகு அளவுதான் தெரியும். ஆனால் இருபது வருஷம் கழித்து அங்கே ஒருவர் வேலி போட்டுவிட்டு, வரைபடத்தில் குடியிருப்புதானே என்று காட்டுவார். தானப் பத்திரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் பச்சையாகக் குறிக்கச் சொல்லி மனுவில் சேருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தபோது உச்ச நீதிமன்றம் 1991ல் அதை ரத்து செய்தது, முத்தப்பா வழக்கு என்று தேடினால் கிடைக்கும். வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள்தான்.

ரவா உப்புமா

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்ட் வெளியே போனது, பழைய இடம் பொது உபயோகமாகவே இருந்தது, எதுவும் கட்டவில்லை. ஆறு வருஷமாகக் கருவேலமும் உடைந்த பிளாட்பாரமும்தான். சுற்றி இருந்த டீக்கடை, பழக்கடை, செருப்புக்கடை எல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. நகராட்சிக்கும் வருமானம் வேண்டுமே, கடை கட்டி வாடகைக்கு விட்டால் என்ன தப்பு?

முன்னாள் வரைவாளர்

தப்பே இல்லை, நகராட்சிக் கடைகள் பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளேயே காலங்காலமாக இருக்கின்றனவே. மொத்த இடமும் வணிகமாக மாறுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். உங்கள் ஊரில் கடைகள் படுத்ததற்குக் காரணம் நிறம் இல்லை, ஆள் வரவு நின்றதுதான். சேலத்தில் புது பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகும் பழையது டவுன் பஸ்ஸுக்கு என்று ஊர் நடுவிலேயே இருக்கிறது, 2023ல் ஈரடுக்காகவே கட்டித் திறந்தார்கள். மதுரையில் மாட்டுத்தாவணி வந்த பிறகும் பெரியார் நிலையம் போகவில்லை. டவுன் பஸ் பழைய இடத்துக்கு வந்து போக வேண்டும் என்பதை மனுவிலேயே கேளுங்கள், கடைவீதி பிழைப்பது அதில்தான்.

கீரைக்காரி மகள்

சந்தைத் திடலைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் அம்மா வேறு ஊரில் செவ்வாய்ச் சந்தையில் கீரை விற்கிறார். காலை நாலரை மணிக்குச் சாக்கை விரித்து, தண்ணீர் தெளித்து, கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தால் பதினொன்றுக்குள் தீர்ந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் இலை தொங்கிவிடும். எட்டு அடிக்கு ஆறு அடி இடம், அதுதான் எங்கள் மூன்று பேரின் படிப்பு. திடலில் கட்டடம் வந்தால் வாடகைக் கடை எடுக்க எங்களால் முடியாது.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் பாருங்கள் அண்ணா. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பில் இருப்பதாகப் பதிவான சந்தையை விற்பனை கூடாத பகுதி என்று அறிவிக்கக்கூடாது என்று அட்டவணையிலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழு கூடியதா, கணக்கெடுப்பில் திடல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். சந்தை வாரத்தில் ஒரு நாள்தான், அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து பார்க்கிற நாளில் திடல் காலியாகக் கிடக்கும், சும்மா கிடக்கிற இடம் என்று எழுதிவிடுவார்கள். சந்தை நாளில் போட்டோ எடுங்கள்.

தெற்கு வீதி

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை நகர நில அளவைப் பதிவேட்டில் நகல் எடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் நகராட்சி பெயரில் இருக்கிறது, திடல் மட்டும் சர்க்கார் புறம்போக்கு, குறிப்பில் சந்தை என்று ஒரே வார்த்தை. நாளிதழ் அறிவிப்பும் நூலகத்தில் கிடைத்தது, இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வீதியில் 43 கடை, இதுவரை 17 பேர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள், மற்றவர்களை ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். வியாழக்கிழமை எங்கள் சந்தை, விடியற்காலையில் கேமராவோடு போகிறேன்.

ஒரு சந்தேகம் சார், திடல் புறம்போக்கு என்றால் மனுவின் நகலைத் தாசில்தாருக்கும் கொடுக்கலாமா?

முன்னாள் வரைவாளர்

கட்டாயம் கொடுங்கள். கலெக்டருக்கும் ஒன்று. பதிவேட்டு நகலில் அந்தச் "சந்தை" என்ற வார்த்தையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.