நாய்ஸ் எக்ஸ்போஷர்: ‘இரைச்சல் வெளிப்பாடு’ வேண்டாமே

ஐயா, வணக்கம். உங்கள் மடலுக்கு வரிவரியாகவே பதில் எழுதுகிறேன்.

> நாய்ஸ் எக்ஸ்போஷர் என்பதற்கு ‘இரைச்சல் வெளிப்பாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஒன்று தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன். ஓர் இடத்தின் மீதோ ஒருவர் மீதோ எவ்வளவு இரைச்சல் வந்து விழுகிறது என்பதுதானே நாய்ஸ் எக்ஸ்போஷர்? புழங்கும் சொல்லைச் சும்மா மாற்றச் சொல்கிற ஆள் இல்லை நான். டெசிபெல்லை டெசிபெல்லாகவே விட்டுவிடலாம் என்று எழுதியதும் நான்தான். ஆனால் இந்தச் சொல்லில் திசையே தலைகீழாகிறது.

விமானப்படைத் தளம் ஒன்றைப் பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஓடுபாதைக்கு நேர் எதிரே இருக்கும் வீடுகளைப் பற்றி ஒரு வரி வந்தது. ‘அவ்வீடுகளின் இரைச்சல் வெளிப்பாடு கூடும்’ என்று எழுதிவிட்டு, மறுநாள் படித்துப் பார்த்தால், ஏதோ வீடுகள்தான் சத்தம் போடுகின்றன என்பதுபோல் இருக்கிறது! வெளிப்பாடு என்றாலே உள்ளே இருப்பது வெளியே வருவது. உணர்ச்சி வெளிப்பாடு அப்படித்தான். இங்கே நடப்பது நேர்மாறானது.

இதே அறிக்கையில் எமிஷனும், அதாவது ஒலியை வெளியிடுவதும், வருகிறது, அதுதான் பெரிய தலைவலி. என்ஜின் வெளியிடும் ஒலி வேறு, தரையில் நிற்பவர் காதில் விழும் ஒலி வேறு. போர் விமானம் ஆஃப்டர்பர்னரை (கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டும் அமைப்பு) போட்டுக்கொண்டு கிளம்பினால் முதலாவது எகிறும். அதே விமானம் அதே விசையில் கிளம்பி, வேறு பக்கமாகத் திரும்பினால் முதலாவது அப்படியே இருக்கும். இரண்டாவது ஓர் ஊரில் குறைந்து இன்னோர் ஊரில் கூடும். பறக்கும் தடத்தை மாற்றலாமா என்ற விவாதம் முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. இரண்டுக்கும் ‘வெளி’ என்று தொடங்கும் சொல்லைப் போட்டால் படிப்பவர் எங்கே போவார்?

> ‘ஆட்படுதல்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

வாக்கியத்தில் நன்றாகத்தான் உட்காருகிறது: ‘இரைச்சலுக்கு ஆட்படும் மக்கள்’. ஆனால் அளவையின் பெயராக வரும்போது நீண்டுவிடுகிறது. அப்புறம், ஆட்படுவது ஆள்தானே? 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவை கோழிகள். ராணுவ விமானங்கள் தரையிறங்கும் வழி ஒரு பண்ணைக்கு மேலே வெறும் 83 அடி உயரத்தில் போனது. மிரண்டுபோய்ச் சுவரில் மோதியே 150 கோழிகள் வரை செத்தன. அரசு அந்த நிலத்தின் ஓர் உரிமையை எடுத்துக்கொண்டதாகவே கருதி இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். கோழிகள் இரைச்சலுக்கு ஆட்பட்டன என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் பரிந்துரை: இரைச்சல்பாடு.

வெயில் படுகிறது, காற்று படுகிறது, கண் படுகிறது என்கிறோம். வெளியிலிருந்து ஒன்று வந்து மேலே விழுவதற்குத் தமிழில் இதைவிட எளிய வினை இல்லை. போதாக்குறைக்கு, ‘அவர்கள் பாடு திண்டாட்டம்’ என்பதில் உள்ள பாடும் பின்னால் நிழலாக நிற்கிறது. அளவையின் பெயருக்கு அந்த நிழல் ஆகாது என்று யாராவது சொல்லலாம். எனக்கு அது உறுத்தவில்லை.

> பாடு என்றால் பாட்டுப் பாடச் சொல்வதுபோல் இருக்கிறதே!

கோட்பாடு என்று படிக்கும்போது யாரும் ராகம் இழுப்பதில்லையே, ஐயா. ‘இரைச்சற்பாடு’ என்று எழுத வேண்டாமா என்று கேட்பீர்கள். எழுவாய்த் தொடராகக் கொண்டால் இரண்டும் சரிதான். கண்ணுக்குப் பழகிய வடிவத்தை எடுத்துக்கொண்டேன். சவுண்ட் எக்ஸ்போஷருக்கு இதேபோல் ஒலிபாடு. ஒரு விமானம் கடந்து போகும்போது வந்து சேரும் மொத்த ஒலியாற்றலையும் ஒரே நொடிக்குள் அடக்கிச் சொல்லும் அளவு ‘ஒலிபாட்டு மட்டம்’.

> நைட் பெனால்டி: இரவுத் தண்டம்.

இது வேண்டாம். விமானப்படை யாருக்கோ அபராதம் கட்டுகிறது என்று தோன்றும். இரவு 10 முதல் காலை 7 வரை பறப்பவற்றுக்கு நாள் முழுவதற்குமான இரைச்சல் கணக்கில் 10 டெசிபெல் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். ‘இரவுக்கூட்டு’ போதும். ஆனால் அந்தக் கூட்டு லேசுப்பட்டதல்ல: இரவில் ஒரு விமானம் பகலில் பத்துக்குச் சமம்.

‘சராசரி’யை மட்டும் தனியாக விடாதீர்கள். ஒலிபாட்டு மட்டம் 100 டெசிபெல் உள்ள ஒரு விமானம் பகலில் ஒரே ஒரு முறை பறந்தால், அதை 86,400 நொடிகளுக்குப் பரப்பும்போது பகலிரவு மட்டம் (இரவுக்கூட்டும் சேர்ந்த 24 மணி நேரச் சராசரி) ஏறத்தாழ 51 டெசிபெல்தான். அதே விமானம் இரவில் பறந்தால் 61. அட்டவணையில் 51 என்று பார்ப்பவர் ‘இவ்வளவுதானா’ என்பார். அந்த நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த வீட்டுக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். அதனால் முதல் முறை வரும் இடத்திலாவது ‘ஆற்றல் சராசரி’ என்றே எழுதலாம்.

தாழப் பறக்கும் பயிற்சித் தடங்களுக்கு அமெரிக்க முறையில் இன்னொரு கூட்டும் உண்டு. ஜெட் விமானம் சத்தம் காட்டாமல் வந்து தலைக்கு மேலே திடீரென்று வெடிப்பதுபோல் முழங்குமே, சத்தம் ஏறும் அந்த வேகத்துக்காக 11 டெசிபெல் வரை சேர்ப்பார்கள். ‘திடுக்குக்கூட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். விளையாட்டாகத் தொடங்கியது, இப்போது எனக்கே பிடித்துவிட்டது.

> சோனிக் பூம்: மீயொலி முழக்கம்.

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் எழுப்பும் முழக்கம்தானே இது? மீயொலியை ஸ்கேன் எடுப்பவர்கள் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். ‘ஒலிமிஞ்சு முழக்கம்’ எப்படி?

கடைசியாக, இரைச்சல்பாட்டை ஓடுபாதைப் பணியாளர் பற்றிய பகுதியில் வைத்துப் பார்த்தேன்: ‘8 மணி நேர இரைச்சல்பாடு 85 டெசிபெல்லைத் தாண்டினால் காதுக்காப்பு கட்டாயம்.’ தடுக்கவில்லை. வரைபடத்தில் ஒரே அளவு இரைச்சல்பாடு உள்ள இடங்களை இணைக்கும் கோட்டுக்கு வைத்த ‘இரைச்சல்பாட்டுச் சமக்கோடு’ மட்டும் வாய்க்குள் சுழல்கிறது. அதற்கு வேறு வழி தெரிந்தால் எழுதுங்கள்; வரைபடத்தை இன்னும் அனுப்பவில்லை.