தோற்றவர் ஏன் கீழ்ப்படிய வேண்டும்? தேர்தல், குலுக்கல், கலந்தாய்வு: ஒரு விவாதம்

தராசுமுள்:

ஓர் அரசுக்கு ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் "மக்களிடமிருந்து" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பதில் தேர்தலில் வென்றவருக்குப் போதும். தோற்றவருக்குப் போதாது. நான் வாக்களிக்காத ஒருவர், நான் எதிர்த்த ஒரு சட்டத்தைப் போடுகிறார். அதற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்? இதற்குப் பதில் சொல்லாத கோட்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பயன்படாது.

என் பதில் தேர்தல்தான். தலைவர்கள் மக்களின் வாக்குக்காகப் போட்டியிட்டு, அதன் வழியே முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பெறுகிற ஏற்பாடே ஜனநாயகம் என்றார் பொருளாதார அறிஞர் ஷும்பீட்டர், 1942இல். 'பொது விருப்பம்' என்று ஒன்று எங்கோ தயாராக இருக்கிறது, அதைக் கண்டெடுத்து நிறைவேற்றினால் போதும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பலருக்கு இது வறட்டு வரையறையாகப் படும். எனக்கு அதன் பலமே அதுதான். தோற்றவர் அடங்கிப்போவது வென்றவர் நல்லவர் என்பதற்காக அல்ல. அடுத்த முறை தானும் வெல்லலாம் என்பதற்காக. ரத்தம் சிந்தாமல் ஆட்சியாளரை இறக்க முடிகிறதா என்பதே தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரின் அளவுகோலும்.

இப்போது குலுக்கல் முறையில் சாதாரணக் குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, உட்காரவைத்துப் பேசச் செய்து, முடிவை அவர்களிடம் விடலாம் என்ற யோசனை பரவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குலுக்கலில் வந்தவரை நான் எப்படி இறக்குவது?

நீரோட்டம்:

தராசுமுள், தோற்றவர் பக்கம் நின்று கேட்பது சரியான தொடக்கம். அதே இடத்தில் நின்றுதான் நானும் பதில் சொல்கிறேன். "அடுத்த முறை வெல்லலாம்" என்ற உங்கள் வாதம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: ஆட்டத்தின் விதிகள் நியாயமானவை என்று. அந்த விதிகளை எழுதுவது யார்? போன ஆட்டத்தில் வென்றவர்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 தேர்தலில் குறைந்த வாக்கு வாங்கிய கட்சிக்குப் பெரும்பான்மை இடங்கள் கிடைத்தன, அது ஆட்சியமைத்தது. அடுத்து 2001இல் எதிர்த்தரப்புக் கட்சி சுமார் 57.6 சதவீத வாக்கு வாங்கியது. மொத்தம் 79 இடங்களில் 77 அதற்குப் போய்விட்டன. எதிர்க்கட்சி என்று சொல்ல இரண்டே பேர். தேர்தல் முறையே கோணலாக இருக்கிறது என்று பலருக்கும் தோன்றியதால் 2004இல் 160 குடிமக்களைக் குலுக்கலில் எடுத்தார்கள். தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண், அதோடு பூர்வகுடிகளிலிருந்து இரண்டு பேர். அவர்கள் கிட்டத்தட்ட ஓராண்டு வேலை செய்தார்கள். முதலில் உலகில் என்னென்ன தேர்தல் முறைகள் இருக்கின்றன என்று படித்தார்கள். அப்புறம் மாகாணம் முழுக்கப் பொதுக் கூட்டங்களில் மக்கள் சொன்னதைக் கேட்டார்கள். கடைசியில் வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படுத்தும் ஒற்றை மாற்று வாக்கு முறையை 146க்கு 7 என்ற கணக்கில் பரிந்துரைத்தார்கள்.

2005 மே மாதம் அது பொதுவாக்கெடுப்புக்குப் போனது. ஆதரவு 57.7 சதவீதம். 79 தொகுதிகளில் 77இல் பெரும்பான்மை. ஆனாலும் தோற்றுவிட்டது. ஏனென்றால் 60 சதவீதம் வேண்டும் என்று முன்பே விதி போட்டிருந்தார்கள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 57.6 சதவீதம் ஒரு கட்சிக்கு ஏறக்குறைய எல்லா இடங்களையும் அள்ளிக் கொடுத்தது. 57.7 சதவீதத்தால் அந்த விதியை மாற்ற முடியவில்லை. 60 என்ற வரம்பை வைத்தது பழைய விதியில் உட்கார்ந்த சட்டமன்றம். இந்த இடத்தில் தோற்றவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

தராசுமுள்:

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2009இல் அதே முறையை அதே மாகாணத்தில் மறுபடியும் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவு 39 சதவீதம்தான். வரம்பு 60 ஆக இருந்தாலும் 50 ஆக இருந்தாலும் அது தோற்றிருக்கும். ஓராண்டு படித்த 160 பேருக்குத் தெளிவாகப் பட்டது, படிக்க நேரமில்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படிப் படவில்லை.

என் சந்தேகமும் இதில்தான் தொடங்குகிறது. அறைக்குள் உட்கார்ந்து மாறுகிறவர்கள் அந்த 160 பேர். அறைக்கு வெளியே இருப்பவர் மாறவில்லை. தன்னைப் போன்ற ஒருவர் உள்ளே போய் மனம் மாறினார் என்பதற்காக, வெளியே இருப்பவர் ஏன் அந்த முடிவைத் தன் முடிவாக ஏற்க வேண்டும்? நான் வாக்களித்து அனுப்பியவரிடம் கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. சீட்டு விழுந்து போனவரிடம் எனக்கு என்ன பிடி?

வெளிச்சம்:

இரண்டு பேரும் முறையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆட்சி எதற்கு இருக்கிறது? மக்கள் உயிரோடு, பாதுகாப்பாக, ஓரளவு வசதியாக வாழ்வதற்கு. அதைச் செய்து கொடுத்தால் ஆளும் உரிமை தானாக வரும். மக்கள் செலுத்தும் விருப்பம் ஒரு பக்கம், மக்களுக்குக் கிடைக்கும் பலன் மறுபக்கம் என்று அரசியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஷார்ப் ஆட்சியின் நியாயத்தன்மையை இரண்டாகப் பிரித்தார். நான் இரண்டாவதை முதலில் வைப்பேன். வட்டி விகிதத்தை வாக்கெடுப்பில் தீர்மானிப்பதில்லை. பல நாடுகளில் அதை மத்திய வங்கியிடம் விட்டிருக்கிறோம். யாரும் அதை சர்வாதிகாரம் என்பதில்லை.

இன்னொன்று. பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே 1785இல் ஒரு கணக்கைக் காட்டினார். ஒவ்வொருவரும் சரியாக முடிவெடுக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால், கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பும் கூடும். எல்லோரும் கணக்கின் இந்த ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார்கள். வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்தால், கூட்டம் பெருகப் பெருகத் தவறு நிச்சயமாகும் என்பதும் அதே கணக்குதான். சிக்கலான கேள்விகளில் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தராசுமுள்:

வெளிச்சம், மத்திய வங்கிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் போட்ட சட்டம். அது இரவல் அதிகாரம். கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பலனை வைத்து உரிமை கோருகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: பலன் வந்ததா இல்லையா என்று சொல்வது யார்? ஆட்சியாளரே சொன்னால் அது சான்று ஆகாது. இத்தாலியில் 2011 நவம்பரில் கடன் நெருக்கடி நேரத்தில் பொருளாதார நிபுணர் மரியோ மோன்டி தலைமையில் அரசு அமைந்தது. நாடாளுமன்றம் நம்பிக்கை வாக்கு கொடுத்தது, சட்டப்படி குறையில்லை. 2013 தேர்தலில் அவர் தலைமையிலான அணிக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம். அவர் செய்தது சரியா தவறா என்று நாம் நாள் முழுக்க வாதாடலாம். அந்த மருந்தை விழுங்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

நீரோட்டம்:

இந்த ஒரு இடத்தில் தராசுமுள்ளோடு நானும் நிற்கிறேன். இயங்கும் ஜனநாயகமும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் சொல்வது பலனைப் பற்றித்தான். ஆனால் அந்தப் பலன் எப்படி வருகிறது என்று பாருங்கள். பசி பற்றிய செய்தி மேலே போகிறது, மேலே இருப்பவர் பதவிக்குப் பயப்படுகிறார். சீனாவில் 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோர் பட்டினியில் இறந்தபோது கீழிருந்து மேலே போனது பொய்யான விளைச்சல் கணக்கு. முறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பலனை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

கோந்தோர்சேயின் கணக்கில் இன்னொரு நிபந்தனை உண்டு: ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். ஒரே பள்ளியில் படித்து, ஒரே வட்டத்தில் பழகுகிற நிபுணர்கள் ஐம்பது பேர் ஒரே தவறைச் சேர்ந்து செய்வார்கள்.

கல்வெட்டு:

மூவருமே 'மக்கள்' என்ற வட்டத்தை யார் போட்டது என்று கேட்காமல் பேசுகிறீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி.

நேரடி ஜனநாயகத்துக்கு எல்லோரும் சுவிட்சர்லாந்தைக் காட்டுவார்கள். 1959இல் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை தரலாமா என்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது 1971இல். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மண்டலத்தில் உள்ளூர் விவகாரங்களுக்கு 1990 ஏப்ரலிலும் ஆண்கள் கூடி மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது முடிவுக்கு வந்தது.

இங்கே முறை பிசகவில்லை. வாக்கெடுப்பு நடந்தது, எண்ணிக்கை சரி, பேச்சுச் சுதந்திரம் இருந்தது. தராசுமுள் சொல்லும் "அடுத்த முறை வெல்லலாம்" என்ற வாய்ப்பு அந்தப் பெண்களுக்கு எங்கே இருந்தது? அவர்கள் ஆட்டத்திலேயே இல்லை. பெரும்பான்மையால் தொட முடியாத சில உரிமைகள் முதலில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தேர்தல், குலுக்கல் எல்லாம். மக்களில் பெரும்பாலோர் ஓர் ஆட்சியை நியாயமானது என்று நம்புகிறார்கள் என்பதும் எனக்குப் போதாது. மரபு, தலைவரின் வசீகரம், சட்டம் என்று சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் பிரித்த மூன்றும் மக்கள் எதை நம்பிக் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்கான விளக்கம். அந்த நம்பிக்கை தகுதியானதா என்பது வேறு கேள்வி. அப்பன்செல் ஆண்கள் முழு மனதோடுதான் நம்பினார்கள்.

தராசுமுள்:

இந்த எதிர்ப்பை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. எல்லா வயது வந்தவர்களுக்கும் வாக்கு என்பது நான் சொல்லும் முறைக்குள்ளேயே அடங்கிய நிபந்தனை, வெளியிலிருந்து ஒட்டவைத்தது அல்ல. கட்டுப்பட வேண்டியவர் ஒருவர் ஆட்டத்தில் இல்லையென்றால் அவருக்குச் சொல்ல என்னிடம் எந்தப் பதிலும் இல்லை. அதனால் அவரைக் கட்டாயப்படுத்தும் உரிமையும் இல்லை. ஆனால் தொட முடியாத உரிமைகளின் பட்டியலை நீதிபதிகள் நீட்டிக்கொண்டே போனால், இறக்க முடியாத ஆட்சியாளர்களை நாமே உருவாக்குகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், கல்வெட்டு.

நீரோட்டம்:

சரி, "குலுக்கலில் வந்தவரை எப்படி இறக்குவது" என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய ஏதென்ஸில் ஐந்நூறு பேர் கொண்ட மன்றம் குலுக்கலில் அமைந்தது. முப்பது வயது தாண்டியவர்கள், ஓராண்டுப் பதவி, வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் இருக்க முடியாது. பதவி ஏற்கும் முன் தகுதி விசாரணை. பதவி முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும், தவறு இருந்தால் தண்டனை. இறக்க வேண்டிய தேவையே வராது, அவர்களாகவே இறங்கிவிடுவார்கள். மறுபடி வர வேண்டும் என்ற ஆசைக்கும் இடமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவரை வளைப்பது பெரும்பாலும் அந்த ஆசைதான்.

தராசுமுள்:

அதே ஏதென்ஸ் தன் பத்துப் படைத்தலைவர்களைக் குலுக்கலில் எடுக்கவில்லை, தேர்ந்தெடுத்தது. உயிர் போகும் விஷயம் என்று வந்தபோது அவர்களே சீட்டை நம்பவில்லை. பெண்களும் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் அந்தப் பானைக்குள் இல்லை என்பதைக் கல்வெட்டு சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நீரோட்டம்:

படைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. நான் குலுக்கல் மன்றம் கேட்பது எல்லாவற்றுக்கும் அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் சொந்த நலன் நேராக மோதும் இடங்களுக்கு மட்டும்: தேர்தல் முறை, கட்சி நிதி, உறுப்பினர்களின் ஊதியம். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது எல்லோரும் ஒப்புக்கொள்வது. அதை சட்டமன்றத்துக்கு மட்டும் ஏன் தளர்த்த வேண்டும்?

வெளியே இருப்பவர் ஏற்பாரா என்றீர்கள். அயர்லாந்தில் குலுக்கலில் வந்த 99 பேரும் ஒரு தலைவரும் கொண்ட மன்றம் கருக்கலைப்புத் தடையைப் பற்றி மாதக்கணக்கில் பேசிப் பரிந்துரை கொடுத்தது. கட்சிகள் பல பத்தாண்டுகள் தொடப் பயந்த விஷயம் அது. 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சம்மதித்தார்கள். மன்றம் முடிவெடுக்கவில்லை. கேள்வியைப் பேசக்கூடியதாக்கியது, முடிவை நாடே எடுத்தது.

தராசுமுள்:

அயர்லாந்திலேயே 2024 மார்ச்சில் குடும்பம், பராமரிப்பு பற்றிய இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்கள் பெரும் வித்தியாசத்தில் தோற்றன. அவற்றுக்கும் அடிப்படை ஒரு குடிமக்கள் மன்றத்தின் பரிந்துரைதான்.

நீரோட்டம்:

பராமரிப்புத் திருத்தத்தின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். அரசுக்குக் கடமை விதிக்கும் வகையில் எழுதச் சொன்னது மன்றம். அரசு வாக்கெடுப்புக்கு வைத்தது அதைவிட மென்மையான, "முயலும்" என்கிற வகை வாசகம். உடல் ஊனமுற்றோரின் உரிமைக்காகப் பேசுகிறவர்களில் பலரே அதை எதிர்த்தார்கள். தோற்றது அரசு மாற்றி எழுதிய வாசகம்.

தராசுமுள்:

இது என் பயத்தைக் கூட்டத்தான் செய்கிறது. மன்றம் என்ன பேசினாலும், வாக்குச்சீட்டில் அச்சாகும் வாசகத்தை எழுதுபவர் கையில்தான் கடைசி அதிகாரம். மன்றத்துக்குப் பாடம் எடுக்கும் நிபுணர்களை அழைப்பதும் ஒரு செயலகம். அந்தச் செயலகத்தை நியமிப்பது யார், வாசகத்தை எழுதுவது யார் என்று சொல்லுங்கள். அதுவரை உங்கள் மன்றத்தை அரசின் முகமூடியாக நான் பார்ப்பேன்.

நீரோட்டம்:

வாசகத்தை மன்றமே எழுத வேண்டும், அரசு தன் மறுப்பைப் பக்கத்தில் அச்சிடலாம். நிபுணர்களில் பாதிப் பேரை எதிர்த்தரப்பு அழைக்க வேண்டும். வரம்பு எல்லா வாக்கெடுப்புக்கும் ஒன்றாக, முன்கூட்டியே சட்டத்தில் இருக்க வேண்டும். விஷயத்துக்கு விஷயம் 50, 60 என்று மாற்றக் கூடாது. செயலகத்தை அரசு நியமிக்கவே கூடாது. முந்தைய மன்றத்தில் இருந்து இறங்கியவர்களில் சிலரைக் குலுக்கி எடுத்து அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

கல்வெட்டு:

முதல் மன்றத்துக்கு முந்தைய மன்றம் கிடையாதே. அந்த முதல் செயலகத்தை யார் நியமிப்பது?